ஒரே பெட்டி, பல ஆட்டம்: ஒரு ஒயரிங் ஹார்னஸின் வரலாறு

1995-ல் உச்ச நீதிமன்றம் வீடியோ கேம் பற்றி ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்கின் பெயர் எம்.ஜே. சிவானி எதிர் கர்நாடக மாநிலம். ஆன்லைன் ரம்மி வழக்குகளை நடத்தும் வக்கீல்களுக்கு இது அத்துப்படி. ஆனால் அந்த வருஷங்களில் வீடியோ கேம் கடையில் காசு போட்டு முஸ்தபா ஆடிக்கொண்டிருந்த நம்மில் பலருக்கு, நாம் முன்னால் நின்ற அந்தப் பெட்டியைப் பற்றி டெல்லி வரைக்கும் வாதம் நடந்தது என்று தெரியவே தெரியாது.

வழக்கின் சாரம் இதுதான். பெங்களூர் நகரத்தில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்கிக் கட்டுப்படுத்த 1989-ல் ஓர் ஆணை வந்தது. அதன் கீழ் வீடியோ கேம் கடைகளும் வந்தன. கடைக்காரர்கள் எதிர்த்தார்கள்: "இது சூதாட்டம் இல்லை, தொழில் செய்வது எங்கள் உரிமை." நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. முழுக்க அதிர்ஷ்டத்தில் ஓடும் ஆட்டமோ, அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டமோ வைத்தால் உரிமம் வாங்கித்தான் ஆகவேண்டும், அந்தக் கட்டுப்பாடு நியாயமானதே என்று சொல்லிவிட்டது. இயந்திரத்தின் உள்ளே கை வைத்து ஆட்டத்தின் முடிவையே மாற்றிவிட முடியும் என்ற அச்சமும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது.

எனக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமாகப் படுகிறது. அது சட்டப் பிரச்சினையாக மாறுவதற்கு முன்பே ஒரு ஒயரிங் பிரச்சினை. பெட்டியின் பின் கதவைத் திறந்து, உள்ளே ஓடும் கம்பிகளைப் பார்த்தால்தான் நீதிமன்றம் எதைப் பார்த்துத் தயங்கியது என்று புரியும். அதனால் இந்தக் கட்டுரை கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் எலக்ட்ரீஷியன் வேலை.

ஒரு பெட்டிக்கு ஒரு ஆட்டம்

1978-ல் டைட்டோ கம்பெனிக்காக டொமோஹிரோ நிஷிகாடோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்த காலத்தில், ஆட்டம் வேறு பெட்டி வேறு என்ற நினைப்பே பெரிதாக இல்லை. ஃப்ரிட்ஜ் வாங்குகிற மாதிரிதான். முழுப் பெட்டியாக வாங்கணும், அது அந்த ஒரு ஆட்டத்தைத்தான் ஆடும், மவுசு போனால் பெட்டியும் போச்சு.

போர்டைக் கழற்றி வேறு போர்டு மாட்டலாமே என்றால், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி கம்பிகளை அடுக்கியிருந்தது. ஒருவர் போர்டில் முதல் முனை பூமி என்றால் இன்னொருவருக்கு அதே இடத்தில் மின்சாரம். மின்சாரத்திலும் ஒற்றுமை இல்லை. 1980-ல் வந்த பேக்-மேன் போர்டுக்கு 5 வோல்ட் டிசி கொடுத்தால் போதாது. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து குறைந்த வோல்ட் ஏசியை நேராக வாங்கி, தனக்கு வேண்டிய டிசியைப் போர்டே செய்துகொள்ளும். அந்தப் பெட்டியில் வேறு கம்பெனி போர்டைப் போட நினைத்தால், பவர் சப்ளையிலிருந்து பட்டன் வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

இந்தத் தலைவலிக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. 1980-ல் நின்டெண்டோ ரேடார் ஸ்கோப் என்று ஓர் ஆட்டம் வெளியிட்டது. அமெரிக்கக் கிளையை நடத்திய மினோரு அரகாவா அதை நம்பி 3000 பெட்டிகள் தருவித்தார். கப்பலில் வந்து சேர்வதற்குள் ஆட்டத்தின் மவுசு இறங்கிவிட்டது. ஆயிரம் போல விற்றது, மீதி 2000 கிடங்கில் தேங்கியது. கம்பெனியே மூழ்கும் நிலை. அந்தப் பெட்டிகளுக்குள் ஓடுகிற மாதிரி வேறு ஓர் ஆட்டம் செய்து அனுப்புங்கள் என்று ஜப்பானில் இருந்த மாமனாரிடம் கேட்டார். மாமனார்தான் நின்டெண்டோவின் தலைவர் ஹிரோஷி யமாவ்ச்சி. வேலை ஷிகெரு மியாமோட்டோ என்ற இளைஞரிடம் போனது. 1981-ல் வந்தது டாங்கி காங்.

கதையின் பிரபலமான பாதி அதோடு முடிகிறது. எனக்குப் பிடித்தது அடுத்த பாதி. சியாட்டில் பக்கத்துக் கிடங்கில் அரகாவா, அவர் மனைவி யோகோ, விரல் விட்டு எண்ணக்கூடிய சில ஊழியர்கள் என்று எல்லோரும் உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகத் திறந்து, பழைய போர்டையும் ஒயரிங்கையும் எடுத்துவிட்டுப் புதியதை மாட்டி, நெற்றிப் பலகையை மாற்றி அனுப்பினார்கள். டாங்கி காங் பெட்டிகள் பெரும்பாலும் நீல நிறம். ஆரம்பத்தில் வந்த கொஞ்சம் பெட்டிகள் மட்டும் சிவப்பு. அந்தச் சிவப்புதான் ரேடார் ஸ்கோப்பின் நிறம். பெட்டி தன் முந்தைய பிறவியை மறைக்கவில்லை பாருங்கள்.

56 முனைகளில் ஓர் ஒப்பந்தம்

எல்லா நாட்டிலும் கடைக்காரர்கள் இதே கஷ்டத்தில்தான் இருந்தார்கள். 1983 வாக்கில் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் சரிந்தபோது, புதுப் பெட்டி வாங்கப் பணம் இல்லாதவர்கள் பழைய பெட்டிக்குள் புது ஆட்டத்தை நுழைக்கும் கிட்களைத் தேடினார்கள். கடைசியில் ஜப்பானின் கேளிக்கை இயந்திரத் தயாரிப்பாளர் சங்கம் 1985-ல் ஒரு பொதுக் கம்பி வரிசையை அறிவித்தது. சங்கத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான ஜம்மா என்பதே அந்த வரிசைக்கும் பெயராகிவிட்டது.

ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிப்காட்டில் வண்டிக் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஒயரிங் ஹார்னஸ் என்றால் என்ன என்று சொல்லவே வேண்டாம். வண்டிக்குள் ஓடும் எல்லாக் கம்பிகளும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டு, முனையில் ஒரு கனெக்டரோடு வரும். ஜம்மாவும் அதுதான். பெட்டியின் பட்டன், ஜாய்ஸ்டிக், ஸ்பீக்கர், திரை, காசுப் பொறி, மின்சாரம் எல்லாம் ஒரு கட்டாக வந்து ஒரே கனெக்டரில் முடியும். பக்கத்துக்கு 28 என்று இரு பக்கமும் சேர்த்து 56 முனை. முனைக்கு முனை 3.96 மில்லிமீட்டர் இடைவெளி. போர்டின் விளிம்பே பிளக். தள்ளினால் உட்காரும், இழுத்தால் வரும்.

வரிசையும் யோசித்து வைத்த வரிசை. முதல் இரண்டு முனை பூமி, அடுத்த இரண்டு 5 வோல்ட், அப்புறம் மைனஸ் 5, பிறகு 12 வோல்ட். 7-வது இடம் சாவி. தலைகீழாகச் செருகிவிடாமல் இருக்க அங்கே ஒரு தடுப்பு. அதற்கப்புறம் காசு எண்ணும் மீட்டர், ஸ்பீக்கர், திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக, கூடவே ஒத்திசைவு. அதன் பின் காசு, ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம், மூன்று பட்டன். ஒரு பக்கம் முதல் ஆட்டக்காரர், மறுபக்கம் இரண்டாமவர்.

பட்டன்கள் எல்லாமே ஒரே தத்துவத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு பட்டனின் ஒரு கால் பொதுவான பூமிக் கம்பியில், இன்னொரு கால் போர்டுக்கு. அழுத்தினால் அந்த முனை பூமியோடு சேரும், "அழுத்திட்டான்" என்று போர்டு புரிந்துகொள்ளும். அவ்வளவுதான். அந்தப் பட்டன் குத்தா, குண்டா, வண்டியின் ஆக்ஸிலரேட்டரா என்று பெட்டிக்குத் தெரியாது.

இந்த "தெரியாது" என்பதுதான் ஜம்மாவின் மொத்த மகிமை. மென்பொருளில் இருக்கிற நாங்கள் இதை இன்டர்ஃபேஸ் என்போம். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று அறியாமலே வேலை செய்யலாம், நடுவில் உள்ள ஒப்பந்தத்தை மட்டும் மதித்தால் போதும்.

ஒப்பந்தம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒருநாள் பத்தாமல் போகும். 1991-ல் கேப்காமின் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது ஆளுக்கு ஆறு பட்டன் கேட்டது. ஜம்மாவில் இருப்பது மூன்று. மூன்று குத்து ஜம்மா வழியாகப் போக, மூன்று உதைக்கு மட்டும் தனியாக ஒரு குட்டிக் கனெக்டர் வைத்தார்கள். இன்றுவரை அதன் பெயர் கிக் ஹார்னஸ்.

நம்மூர் டிவியும் முஸ்தபாவும்

1993-ல் கேப்காம் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ், மார்க் ஷுல்ட்ஸ் வரைந்த செனோசோயிக் டேல்ஸ் என்ற அமெரிக்கச் சித்திரக்கதையிலிருந்து வந்தது. அதில் நாலு நாயகர்கள். நம் பையன்கள் அந்த நீளப் பெயரைத் தூக்கி எறிந்துவிட்டு, மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பாத்திரத்தின் பெயரையே ஆட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். இந்தியா முழுக்க அது முஸ்தபா கேம்தான்.

இப்படிப்பட்ட ஆட்டங்கள் நம் பக்கத்துச் சின்ன ஊர்களுக்கும் வர முடிந்ததற்கு ஜம்மா ஒரு பெரிய காரணம் என்பது என் வாதம். முழுப் பெட்டியைக் கப்பலில் கொண்டுவருவது பெரும் செலவு. போர்டு மட்டும் என்றால் ஒரு மஞ்சப்பைக்குள் அடங்கும். பெட்டியை உள்ளூர் ஆசாரி பிளைவுட்டில் அடித்துவிடுவார்.

திரைக்கும் வழி இருந்தது. அந்தக் கால ஆர்கேட் போர்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 15,700 சுமார் கோடுகள் வரைபவை. நம் தூர்தர்ஷன் காலத்துக் கலர் டிவி நொடிக்கு 15,625 கோடு வரையும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அதனால் டிவிக்குள் நிறத்தைப் பிரித்தெடுக்கும் பகுதியைத் தாண்டி, மூன்று நிறத்தையும் நேரே உள்ளே கொடுக்கத் தெரிந்த ஒரு டிவி மெக்கானிக் இருந்தால், ஆர்கேட் மானிட்டர் இல்லாமலே வேலை முடியும். என்னிடம் இருக்கும் பெட்டியில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்த மெக்கானிக் யாரோ, கெட்டிக்காரர். டிவி சேசிஸ் நேரடியாக வீட்டு மின்சாரத்தோடு தொடர்பில் இருக்கும் என்று தெரிந்து, நடுவில் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறார். அது இல்லாவிட்டால் காசு போடும் பையன் கையில் ஷாக் அடித்திருக்கும்.

ஜம்மா ஒப்பந்தம் நல்லவர் கெட்டவர் பார்க்காது. அசல் போர்டுக்கு என்ன வசதியோ, நகல் போர்டுக்கும் அதே வசதி. பெயர் சுரண்டப்பட்ட சிப்களோடு வந்த திருட்டு நகல்களும் அதே 56 முனையில்தான் உட்கார்ந்தன.

பெட்டியைப் படிப்பது

என் பெட்டி ஓசூர்ப் பக்கத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து தொரப்பள்ளிக்கு வந்தது. ராஜாஜி பிறந்த ஊருக்கு இப்படி ஒரு வஸ்து வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வேறு வேறு போர்டு மாட்டி ஓட்டுவதற்காகப் புதிதாக ஒயரிங் போடத்தான் வாங்கினேன். பிரித்தபோது அதற்குள் ஒரு வரலாறு இருந்தது.

கன்ட்ரோல் பேனலின் மேலே சன்மைக்கா. அதில் ஆளுக்கு ஆறு பட்டன். மூன்று துளைகள் சுத்தமாக, ஒரே வரிசையில். மற்ற மூன்றும் கொஞ்சம் கோணல், பிறகு கையால் துளைத்தவை. அதாவது முதலில் மூன்று பட்டன் ஜம்மா ஆட்டங்கள் ஓடின, ஸ்ட்ரீட் ஃபைட்டருக்காக மூன்று சேர்த்தார்கள்.

சன்மைக்காவை உரித்தால், அடியில் மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்த ஐந்து துளைகள், ஒரே நேர்கோட்டில். பெட்டியின் அடியில் சுருட்டிக் கட்டப்பட்ட இன்னொரு கம்பிக் கட்டு. அதன் முனையில் ஜம்மா கனெக்டர் இல்லை, அதைவிட நீளமான, பக்கத்துக்கு 36 முனை உள்ள கனெக்டர். செர்ரி மாஸ்டர் போன்ற காசு ஆட்டப் போர்டுகளில் வரும் வரிசை அது. ஐந்து துளை எதற்கு என்று சீட்டாடத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். போக்கரில் கையில் ஐந்து சீட்டு. எதை வைத்துக்கொள்ள, எதை விட என்று சொல்ல சீட்டுக்கு ஒரு பட்டன்.

ஆக, இந்தப் பெட்டி முதலில் சூதாட்டப் பெட்டி. அப்புறம்தான் பையன்கள் ஆடும் பெட்டி. பொதுவாக நாம் நினைப்பது இதற்குத் தலைகீழ்: வீடியோ கேம் என்று ஆரம்பித்துச் சூதில் முடியும் என்று. இந்தப் பெட்டி எதிர்த் திசையில் போயிருக்கிறது. எந்தத் திசையில் போகும் என்பதைக் கம்பி தீர்மானிப்பதில்லை, கடைக்காரர் தீர்மானிக்கிறார்.

நீதிமன்றம் பார்த்த கஷ்டம்

இப்போது 1995 தீர்ப்புக்குத் திரும்பலாம். ஓர் அதிகாரி கடைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எதைச் சோதிப்பார்? வெளியே தெரியும் பெட்டியையா? உள்ளே மூன்று அடுக்கில் மாற்றம் செய்யலாம்.

முதல் அடுக்கு டிப் ஸ்விட்ச். போர்டின் மேலேயே எட்டு எட்டாக இருக்கும் நகத்தளவு சுவிட்சுகள். ஒரு காசுக்கு எத்தனை ஆட்டம், எத்தனை உயிர், எவ்வளவு கடினம் என்பதெல்லாம் இதில் மாற்றலாம். இது தயாரிப்பாளரே கொடுத்த வசதி.

இரண்டாவது அடுக்கு நிரல் இருக்கும் ரோம் சிப். 1992 வாக்கில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ன் சாம்பியன் எடிஷன் போர்டில் சில சிப்களை மட்டும் மாற்றி, காற்றில் பறந்துகொண்டே தீப்பந்து வீசுகிற மாதிரி ஒரு நகல் உலகமெங்கும் பரவியது. ரெயின்போ எடிஷன் என்று பெயர். அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கத்தான் கேப்காமே டர்போ பதிப்பை வெளியிட்டது. சண்டை ஆட்டத்தில் இது வேடிக்கை. காசு கட்டும் ஆட்டத்தில் இதே வேலையைச் செய்தால் ஆடுகிறவன் ஜெயிப்பது எத்தனை முறை என்பதையே மாற்றிவிடலாம்.

மூன்றாவது அடுக்கு போர்டு முழுவதும். காலையில் முஸ்தபா, ராத்திரி போக்கர். பேனலும் ஹார்னஸும் தயாராக இருந்தால் மாற்றப் பத்து நிமிஷம் போதும்.

கடைக்காரர்களின் வாதத்திலும் உண்மை இருந்தது. முஸ்தபாவில் டைனோசரிடம் அடி வாங்காமல் தப்பிப்பது திறமைதான், அதில் யாரும் சந்தேகப்பட முடியாது. ஆனால் உரிமம் கேட்பது பெட்டி நிற்கும் கடைக்கு. பெட்டியோ தனக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாதபடி வடிவமைக்கப்பட்டது. வணிகத்துக்கு வரமாக இருந்த அதே குணம் சட்டத்துக்குச் சாபமாக இருந்தது. ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துத் தீர்ப்பு சொல்வதைவிட, நடத்துகிறவரைக் கண்காணிப்பது என்ற பக்கம் சாய்ந்ததற்கு இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. அதற்கு நியாயமான கடைகளும் விலை கொடுத்தன.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சுவாரசியம். 1989 ஆணை பெங்களூர் நகரத்துக்கானது. 40 கிலோமீட்டர் தள்ளி, அத்திப்பள்ளி தாண்டி ஓசூருக்குள் வந்தால் வேறு மாநிலம், வேறு சட்டம். சென்னைக்கு 1888-ஆம் வருஷத்து நகரப் போலீஸ் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம். அதை எழுதியவர்கள் டிவியே பார்க்காதவர்கள். பெட்டிகள் எல்லை தாண்டுவது கஷ்டம், போர்டுகளுக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும்.

அந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. ஆன்லைன் ரம்மிக்கு எதிராக இரு மாநிலங்களும் கொண்டுவந்த சட்டத் திருத்தங்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021-லும் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022-லும் ரத்து செய்தன. அங்கேயும் வாதம் மறுபடியும் திறமையா அதிர்ஷ்டமா என்பதாகத்தான் இருந்தது. இன்று பெட்டியின் இடத்தில் போன், போர்டின் இடத்தில் எங்கோ இருக்கும் சர்வர். பெட்டியையாவது திறந்து பார்க்கலாம். சர்வரில் நேற்று இரவு என்ன மாற்றினார்கள் என்று ஆடுகிறவர் எந்த ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்ப்பார்?

வெட்டும் முன்

பழைய பெட்டி யார் கைக்காவது கிடைத்தால் சில விஷயங்கள் சொல்கிறேன். பிக்சர் டியூபில் மின்சாரம் துண்டித்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும், தெரிந்தவர் துணையில்லாமல் தொடவேண்டாம். 5 வோல்ட்டைப் பவர் சப்ளையில் அளந்தால் போதாது. போர்டின் மேலேயே அளக்கவும், மெல்லிய கம்பி வழியில் கொஞ்சம் தின்றுவிடும். பழைய சிப்கள் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில்தான் ஒழுங்காக ஓடும். அசல் முஸ்தபா போர்டு கிடைத்தால் உடனே அதன் பேட்டரியைக் கவனியுங்கள். அதில் ஒலிப் பகுதியின் மறைகுறியீட்டுச் சாவி பேட்டரியின் தயவில் இருக்கிறது. பேட்டரி செத்தால் சாவி அழியும், போர்டும் முடங்கும்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு கம்பியையும் வெட்டும் முன் படம் எடுங்கள். எந்த நிறம் எங்கே போகிறது என்று எழுதி வையுங்கள். ஜம்மா இல்லாத பெட்டி என்றால் பழைய ஹார்னஸை அப்படியே விட்டு, நடுவில் ஒரு அடாப்டர் செய்து மாட்டலாம். கொஞ்சம் சோல்டரிங் வேலை கூடும், ஆனால் எதுவும் அழியாது.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. நம் ஊர் வீடியோ கேம் கடைகளுக்குப் பெயர்ப் பலகை கூட மிஞ்சவில்லை. கணக்குப் புத்தகம் யாரும் வைத்திருக்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, அதில் கடைக்காரர்களின் குரல் வக்கீல்களின் வழியாகத்தான் கேட்கிறது. மீதி எல்லாம் பெட்டிகளில் இருக்கிறது: கோணலாகத் துளைத்த மூன்று ஓட்டைகளில், அடியில் சுருட்டி வைத்த ஒரு கம்பிக் கட்டில்.

என் பெட்டியில் இப்போது புது ஜம்மா ஹார்னஸ் ஓடுகிறது. பேனலுக்குப் புதுப் பலகை அடித்தாகிவிட்டது. ஐந்து துளை உள்ள பழைய பலகை அதன் கீழேயே, கழற்றினால் தெரிகிற மாதிரி இருக்கிறது. 36 முனைக் கட்டையும் எடுக்கவில்லை. அதில் மின்சாரம் போகாது, ஒரு சீட்டு மட்டும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்: "இதுவும் இந்தப் பெட்டியில் ஓடியது."